நிச்சயத்துக்கு ஒரு கட்டம்

தைனான், தைவான்
8 செப்டம்பர் 2024

மாமா,

கோபமாக இருப்பீர்கள். இருங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஒரு வாரமாக நீங்கள் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கிலேயே நின்றிருக்கும். போன் கெட்டுப்போகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மொழிப் பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மே முப்பது வரைக்கும் சீனம் தவிர வேறு மொழியில் பேசக் கூடாது, போன் செய்யக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது. மீறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் போன் ஓர் உறைக்குள் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. கடிதம் எழுதலாமா என்று விடுதி வார்டன் சென் அம்மாவிடம் தட்டுத் தடுமாறிக் கேட்டேன். விதி வாய்க்கும் போனுக்கும்தான், கைக்கு இல்லை என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது ஒரு உண்மை. இது எனக்கு முன்பே தெரியும். கிழக்காசியவியல் டிகிரி வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்று டெல்லியில் கொடுத்தார்களே ஒரு தாள், உங்களிடம் ஜெராக்ஸ் இருக்கிறது, அதில் நாலாவது வரியைப் பாருங்கள். "அந்த மொழி பேசும் நாட்டில் ஓராண்டு, அந்த மொழியில் மட்டுமே." நீங்கள் "ஓராண்டு" என்பதைப் படித்துவிட்டே ஒரு மாதம் முகம் தூக்கி வைத்திருந்தீர்கள். "மட்டுமே" என்பதை விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசி நாளில் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தீர்கள். ஏர்போர்ட் வரை வருகிறேன் என்று சொன்ன மனிதர். யாரிடம் சொல்வேன்?

விலக்கு உண்டு. அப்பா அம்மாவிடம் மாதம் ஒரு முறை பத்து நிமிடம் தமிழில் பேசலாம். கணவன் என்றால் வாரம் ஒரு முறை. அதற்கொரு படிவம் கொடுத்தார்கள். தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்று நாலு கட்டம். நிச்சயம் செய்துகொண்டவருக்குக் கட்டம் இல்லை, மாமா. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்படியே கொடுத்துவிட்டேன்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்க ஒரு வாய்மொழித் தேர்வு. "இன்று வானிலை நன்றாக இருக்கிறது" என்றார் ஆசிரியை. டெல்லியில் இரண்டு வருடம் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயைத் திறந்தால் நம் ஷூ கம்பெனி லைனில் கேட்ட சீனம்தான் வருகிறது. "குவாய், குவாய்! பூ ஷிங்! ஜியாவ் மெய் கான்!" சீக்கிரம், சீக்கிரம், இது ஆகாது, பசை காயவில்லை! அதுவும் நம் தைவான்கார அச்சு மாஸ்டர் லின் சார் கத்துகிற அதே குரலில். ஆசிரியை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ராணுவத்தில் இருந்தாயா?" என்று கேட்டார். கடைசிக்கு முந்தின வகுப்பில் போட்டிருக்கிறார்கள்.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

சரிதா


போச்சம்பள்ளி
1 அக்டோபர் 2024

சரிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வந்து சேரப் பத்தொன்பது நாள். ரூம் ஓனர் ஸ்டாம்பைக் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் என்னிடம் கொடுத்தார்.

எனக்குக் கடிதம் எழுத வராது. கடைசியாக எழுதியது எச்.ஆருக்கு லீவ் லெட்டர். "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். இப்போதும் அப்படி எழுதினால் பொய் இல்லை.

உனக்கு நாற்பத்துமூன்று மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். போன் கைக்கு வந்ததும் கடைசி ஆறையும் படிக்காமல் அழித்துவிடு. உன் அம்மாவிடம் கேட்க மானம் விடவில்லை. அவரே ஒருநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, "சரிதா நல்லாக்கீறா, பத்து நிமிசம் பேசுனா. உங்களுக்கும் போன் பண்ணியிருப்பாளே?" என்றார். "ஆமாங்க, பண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். கம்பெனி கேட் வரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தப் படிவம் பற்றி. கணவன் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அங்கே யாராவது உன் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களா? இரண்டு வருடம் முன்பு இருநூறு பேர் முன்னால் தட்டு மாற்றினோம். அது ஒரு தாளில் எழுதக்கூடப் போதாதா?

டெல்லியிலிருந்து லீவுக்கு வந்தால் லைனில் நீ நிற்கும் இடத்தில் இப்போது மாதம்மாள் என்று ஒரு புதுப் பெண். கை வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜோடி சேர்க்கும்போது ஒரு கால் குறைந்தால் வாயே திறக்கமாட்டாள், தானே தேடிக்கொண்டு நிற்பாள். நீ கத்துவாயே "ஷாவ் யீ ஜ்ஜ்!" என்று, ஒரு கால் குறையுது என்று, கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரை திரும்பிப் பார்ப்பாரே. அந்தச் சத்தம் இப்போது ஷெட்டில் இல்லை. லின் சார் கூட ஒருநாள் கேட்டார், "அந்த சத்தம் பொண்ணு எங்கே?" என்று.

உன் தாளை லாக்கர் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று, சீன மொழி நாலு பருவம். இரண்டு, ஜப்பான் மொழி ஒரு வருடம். மூன்று, வரலாறு இலக்கியம் ஏழு பாடம். மூன்றுக்கும் டிக் போட்டாயிற்று. நாலு, இந்த ஒரு வருடம். ஐந்து, திரும்பி வந்து டெல்லியில் ஆய்வேடு. ஐந்திலும் என் பெயர் இல்லை.

கோபம் போகவில்லை. சாப்பிடுகிறாயா?

மாதேஸ்வரன்


தைனான்
26 அக்டோபர் 2024

மாமா,

சாப்பிடுகிறேன். இனி சண்டை.

அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்கு நானா காரணம்? போன சித்திரையில் உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன், "கோயில்ல வெச்சு ஒரு மஞ்சக் கயிறு கட்டிடுங்க, நான் கிளம்பறேன்" என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தாலி கட்டிகினு புருசனை ஊர்ல உட்டுட்டுப் போயிட்டாள்னு உன்னையும் பேசுவாங்க, என்னையும் பேசுவாங்க. படிச்சு முடி, அப்பறம் ஊரைக் கூட்டிக் கட்டறேன்." நல்ல மனசில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஊருக்குப் பயந்து விட்ட கட்டத்தை இங்கே பொய்யால் நிரப்பு என்கிறீர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் முதன்முதலாக வருவது ஒரு பொய்த் தாளிலா? என்னால் ஆகாது.

அப்பாடா. சொல்லிவிட்டேன்.

போன வாரம் கடைத்தெருவில் ஒரு ஷூ கடை. கண்ணாடிக்குப் பின்னால் நம் ஷூ! அந்தச் சாம்பல் நிறம், ஓரத்தில் பச்சைக் கோடு, போன வருடம் நீங்கள் கால் வீங்க நின்று ஆர்டர் முடித்தீர்களே, அதேதான். உள்ளே ஓடிப்போய் எடுத்தேன். ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று சீட்டு. என்னை அறியாமல் இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் வைத்து, குதிகால் உயரம் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்தேன். கையை உள்ளே விட்டு அப்படியே நின்றேன். எத்தனையோ கை பட்டுத்தான் வந்திருக்கும், ஆனால் அதில் உங்கள் கையும் ஒன்று. கடைக்காரப் பெண் என்ன அளவு வேண்டும் என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பாவம், விலையைக் கேட்டு அழுகிறேன் என்று நினைத்துத் தள்ளுபடி உண்டு என்றாள்.

வியாழக்கிழமை தீபாவளி. இங்கே அது வெறும் வியாழக்கிழமை. எட்டு வாரமாக, அம்மாவுடன் பேசிய பத்துப் பத்து நிமிடம் தவிர, தமிழ் பேசவில்லை. நேற்று குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு "மாமா" என்று ஒரு தரம் சொன்னேன். அதை மட்டும் யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள்.

சரிதா


போச்சம்பள்ளி
18 நவம்பர் 2024

சரிதா,

நீ சொன்னது சரி. சித்திரையில் நான்தான் வேண்டாம் என்றேன். அதை நினைத்துத் தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன், நீயும் சேர்ந்து திட்ட வேண்டாம்.

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அப்பா பிடிவாதமாக இருக்கிறார். கோவிந்தப்பன் ஒரு முடிவு எடுத்தால் மாற்றமாட்டார் என்று ஊரே சொல்லும், உனக்கும் தெரியும். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "மொதல்ல மூணு வருசம்னீங்க. இப்ப நாலுங்கறீங்க. டிகிரிதான் படிக்கிறாளா, இல்ல பைபாஸ் ரோடு போட்டுகினு கீறானுங்களா, முடியவே காணம்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதில் அவருக்கு இன்னும் கோபம்.

பர்கூரிலிருந்து ஒரு வீட்டில் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லி அனுப்பவில்லை. "தை பொறந்து பதினஞ்சு நாளுக்குள்ள அந்தப் புள்ள வந்து மணையில உக்காரணும். இல்லன்னா தட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வேற பாத்துக்கலாம்" என்கிறார்.

வேறு ஒருத்தியைக் கட்டுவேனா என்று நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லமாட்டேன். ஆனால் தட்டு திரும்பிப் போய்விட்டால் உன் வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? உன் அண்ணனே சேர்க்கமாட்டான்.

வந்துவிடேன். நான் கேட்பது தப்பு என்று தெரிந்தேதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி வரை போய்விட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். பின் சீட்டில் உன் பை இருந்த இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். வந்துவிடு, சரிதா.

மாதேஸ்வரன்


தைனான்
10 டிசம்பர் 2024

மாமா,

இன்று காலை வந்த உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போனேன். கேட்டேன். மே முப்பதுக்கு ஒருநாள் முன்னால் போனாலும் இந்த வருடம் கணக்கில் வராது. நாலாவது வரி இல்லாமல் ஐந்தாவதைத் தொட விடமாட்டார்கள். கிழக்காசியவியல் என்ற பெயரே சான்றிதழில் இருக்காது, வெறும் பி.ஏ. கிடைக்கும். ஸ்காலர்ஷிப்பும் போய்விடும். ஆபீஸ் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள், மூன்று தரம் சொன்னாள், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து. முதல் தரமே புரிந்துவிட்டது.

நான் எதை விட்டுவிட்டு வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியட்டும். ஜோடி மேசையில் நின்ற காலத்தில், சுவரில் ஒட்டியிருந்த சீன எழுத்தையெல்லாம் பார்த்துக் கையில் எழுதி வைத்துக்கொள்வேன். மாரம்மா அக்கா "பேன் குத்தறாளா, மந்திரம் எழுதறாளா" என்று கேலி செய்வார். அன்றைக்கு அது படம். இன்று தெருவில் போகும்போது பெயர்ப்பலகைகள் தாமாகவே தங்களைப் படித்துக் காட்டுகின்றன. முந்தாநாள் வகுப்பில் கொடுத்த பழைய சீனக் கடிதம் ஒன்றை அகராதி இல்லாமல் ஒரு பக்கம் படித்தேன், மாமா. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை முன்னால் யாருக்கும் கையெழுத்தே போடத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் சொல்லத் தோன்றியது உங்களிடம்தான்.

விலகல் விண்ணப்பத்தை வாங்கி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். தேதியை மட்டும் விட்டிருக்கிறேன். நீங்கள் வா என்றால் வருவேன். வந்தபின் ஒருநாளும் குத்திக்காட்டமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன், என் வாய் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை கேட்டாயிற்றே என்று சும்மா இருக்காதீர்கள். இதைப் படித்தபிறகும் வா என்று தோன்றினால் தேதியை நீங்களே எழுதி அனுப்புங்கள். நானாக எழுதமாட்டேன்.

சரிதா


தைனான்
15 ஜனவரி 2025

மாமா! மாமா! மாமா!

தேதி வரும் வரும் என்று தினமும் தபால் பெட்டியைப் பார்த்து, நகம் கடித்து, கடைசியில் நேற்று பொங்கலும் வந்துவிட்டது. முடிந்தது, இனி பதினைந்து நாளுக்குள் வந்து சேர முடியாது, தட்டு திரும்பிப் போய்விடும் என்று முடிவே கட்டிவிட்டேன். சாயந்திரம் நாலரை மணிக்கு சென் அம்மா மாடிப்படியில் ஓடி வருகிறார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "உன் பெயரைச் சொல்லி யாரோ கத்துகிறார்கள். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று மட்டும் சொல்கிறார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டது!"

ரிசீவரை எடுத்தேன். உங்கள் மூச்சு. அது போதுமாக இருந்தது எனக்கு. தமிழில் ஒரு சொல் வந்தால் துண்டித்துவிடுவேன் என்று சென் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்.

"ட்ஸுவோ, போச்சம்பள்ளி" என்றீர்கள். இடது கால், போச்சம்பள்ளி. "யோ, தைனான்." வலது கால், தைனான். அப்புறம் மெல்ல, லைனில் யாரும் அப்படி மெல்லச் சொல்லி நான் கேட்டதில்லை, "ஷாவ் யீ ஜ்ஜ்." ஒரு கால் குறையுது.

வரட்டுமா என்று கேட்டேன், "லாய்?" என்று ஒரே சொல்லில், உங்களுக்குப் புரிய வேண்டுமே.

"பூ ஷிங்! பூ ஷிங்! ஜியாவ் மெய் கான்!"

ஆகாது, ஆகாது, பசை காயவில்லை. காயும் முன் ரேக்கிலிருந்து எடுத்தால் அடிப்பாகம் வாய் பிளந்துவிடும் என்று லின் சார் தினம் தொண்டை கிழியக் கத்துவாரே, அதை நீங்கள் எனக்குக் கத்தினீர்கள். அப்புறம் "தங்" என்றீர்கள். காத்திரு என்றீர்களா, காத்திருக்கிறேன் என்றீர்களா, இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன். வைத்துவிட்டீர்கள். என் பேச்சு வருவதற்குள் வைத்துவிட்டீர்கள், பாவி மனுஷன்!

யார் என்று கேட்டார் சென் அம்மா. நிச்சயம் என்றால் என்ன, தட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த சீனத்தையெல்லாம் கொட்டிச் சொன்னேன். நாலு மாதத்தில் நான் பிழையில்லாமல் பேசியது அதுதான் என்று பிறகு சொன்னார். அலமாரியிலிருந்து என் பழைய படிவத்தை எடுத்தார். கணவன் அல்லது மனைவி என்ற கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து, அளவு பார்த்து, ஒரு புதுக் கட்டம் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். உங்கள் பெயரை எழுதினேன். இதில் பொய் இல்லை, மாமா.

ஞாயிறுதோறும் நாலரைக்கு நீங்கள் கூப்பிடலாம். சீனத்தில்தான் பேச வேண்டும். "ஆனால் அந்த மனிதரைக் கத்த வேண்டாம் என்று சொல்" என்றார்.

விலகல் விண்ணப்பத்தை அவர் மேசைக்குக் கீழே இருந்த கூடையில் கிழித்துப் போட்டேன்.

உங்கள் அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்? தட்டு என்ன ஆயிற்று? அதற்கெல்லாம் லைனில் வார்த்தை இல்லை, அதனால் நீங்கள் சொல்லவில்லை. எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

சரிதா


போச்சம்பள்ளி
5 பிப்ரவரி 2025

சரிதா,

உடல்நிலை நன்றாக இருக்கும் காரணத்தால் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் உன் கடிதம் வந்தது. தேதி எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்லமாட்டேன், ஜனவரி இருபது என்று எழுதிக்கூடப் பார்த்தேன். பிறகு அந்தப் பழைய கடிதத்தை ஒரு பக்கம் படித்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பப் படித்தேன். படித்துவிட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கடிதம் போட்டால் தைக்கு முன்னால் வந்து சேராது. லின் சாரிடம் போனேன். அவர்தான் நம்பரைக் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுத்தார். சொல்லித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் உனக்கும் தெரியும், அது போதும் என்றேன். முதலில் எடுத்த அம்மாவிடம் உன்னைச் சீக்கிரம் கூப்பிடச் சொல்ல எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அப்பாவிடம் போகிக்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். "அவ முடிச்சிட்டுத்தான் வருவா. தட்டை நீங்க திருப்பிக் குடுத்தா அதே தட்டை நான் மறுபடியும் தூக்கிகினு போவேன்" என்றேன். "அப்பன்னா நீ உன் ரூம்லயே பொங்க வெச்சுக்கோ" என்றார். அந்தப் பொங்கலுக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. கேன்டீன்காரர் எடுத்து வைத்த சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் வாங்கிக்கொண்டு லின் சார் ரூமுக்குப் போய்த்தான் உனக்குப் போன் செய்தேன். பர்கூர்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தட்டை அப்பா திருப்பவும் இல்லை, என்னிடம் பேசவும் இல்லை.

போன ஞாயிறு ரூம் வாசலில் வந்து நின்றார். ஒரு பை நிறைய அவரைக்காய். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு இன்னும் எத்தனை பாக்கி?"

"ரெண்டு."

"போன வருசமும் ரெண்டுன்னுதான சொன்னே?"

"போன வருசமும் இதே ரெண்டுதாம்பா. இது மே மாசத்தோட முடியுது. இன்னொண்ணு கல்யாணம் ஆனப்பறமும் எழுதலாமாம்."

அப்பா எழுந்து, ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வைகாசிப் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னைப் படிக்கச் சொன்னார். முகூர்த்த நாள் ஒவ்வொன்றாகப் படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாலாவது வரிக்கு இன்னும் டிக் போடவில்லை. மே முப்பதுக்கு அப்புறம் நீயே வந்து போடு. இந்தத் தடவை ஏர்போர்ட் உள்ளே எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அவ்வளவு தூரம் வந்து நிற்பேன்.

வரும் ஞாயிறிலிருந்து வாராவாரம் நாலரைக்குக் கூப்பிடுகிறேன், கத்தமாட்டேன். லின் சாரிடம் லைனில் இல்லாத ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் தன் மனைவிக்கு ஒவ்வொரு வாரமும் சொல்வதாம். ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன், வந்துவிட்டது. ஆனால் சென் அம்மா பக்கத்தில் நின்று கேட்பார் என்று நினைத்தால் வாய் வரவில்லை. அதனால் அதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, சரிதா. ஒருநாள்கூட முடியவில்லை.

முடித்துவிட்டு வா.

மாதேஸ்வரன்